இன்றைக்கு யார் நோர்மல்?

— ஐஸ் மேலயா வெச்சீங்க? ஐயோ, வரதராஜா அண்ணா! என் மேஜையில கெடந்த டியூபை எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ள வெக்கச் சொல்லி யாருங்கண்ணா உங்களுக்குச் சொன்னாங்க?

— ஒருத்தரும் சொல்லேல்லை, மேடம். மத்தியானம் பெட்டி இறக்க வந்தனான். உங்கட மேசையில ஒரு ரத்தம் தனிய நிண்டுது. யன்னல் வெயில் நேர அதில அடிக்குது. ஆரின்ரயோ ரத்தம் பழுதாப் போகப்போகுதே எண்டு உள்ள வச்சுப்போட்டுப் போனனான். நல்லதுக்குத்தானே செய்தனான்.

— நல்லதுக்குத்தான், யாரு இல்லைன்னாங்க? ஆனா ஐஸ் கட்டி மேல நேரா படுக்க வெச்சிருக்கீங்க. ரத்தம் கட்டியா உறைஞ்சு, உருகறப்ப அணுவெல்லாம் உடைஞ்சு போச்சு. இதப் பாருங்க, சர்பத் மாதிரி இருக்குது.

— மற்ற லாப்காரர் எல்லாம் குளிருக்குள்ள வை, குளிருக்குள்ள வை எண்டுதானே கத்துறவை. டண்டினொங்கில இருந்து இஞ்ச மெல்பேண் ரவுன் வரைக்கும் எத்தினை வருசமா ரத்தப் பெட்டி ஏத்தி இறக்கிறன். ஒரு போத்தல் பழுதாக்கினதெண்டு ஆரும் சொன்னதில்லை.

— அவங்களுக்கு ரத்தத்துல இருக்கற சர்க்கரையும் உப்பும் தெரிஞ்சாப் போதும்ங்கண்ணா. எனக்கு அணு முழுசா வேணும். என்னோட மெஷின்ல ஒவ்வொரு அணுவா வரிசையில வரணும், அது மேல லேசர் லைட் அடிக்கும், அது என்ன அணு, எப்படி இருக்குதுன்னு ஒண்ணொண்ணாப் பாத்து எழுதும். உடைஞ்சு போனது எப்படி வரிசையில வரும்?

— அப்ப... அது ஆரின்ர ரத்தம், மேடம்? வருத்தக்காரரின்ரயோ? திரும்ப எடுக்க ஏலாதோ?

— பயப்படாதீங்க, பேஷன்ட்டோடது இல்ல. எங்க ப்ரீத்தி காலைல குடுத்தது. நார்மல் ரத்தம்.

— ப்ரீத்திப் பிள்ளைக்கு என்ன வருத்தம்?

— ஒண்ணுமில்ல. அதனாலதான் அவகிட்ட வாங்கினோம். தினமும் லேப்ல யாராவது ஒருத்தர் ஒரு டியூப் குடுப்பாங்க. பேஷன்ட் ரத்தம் பக்கத்துலயே அதையும் வெச்சு ஓட்டுவோம். அதுதான் கன்ட்ரோல். "இன்னிக்கு யார் நார்மல்?"னு கேட்டுக்கிட்டேதான் நாங்க காலைல உள்ளயே வருவோம்.

— அது நல்ல கேள்வி. எங்கட வீட்டில கேட்டா ஒருத்தரும் கை உயர்த்தமாட்டினம்.

— சிரிக்காதீங்கண்ணா, எனக்கு வயித்தெரிச்சலா இருக்குது. இப்ப கொண்டு வந்தீங்களே ஒரு பை, "குளிரில் வைக்காதே"ன்னு எழுதி. அது ஒரு சின்னப் பொண்ணோட ரத்தம். பேரு ஊரெல்லாம் நான் சொல்லக் கூடாது. காலைல எந்திரிச்சு ஒண்ணுக்குப் போனா கோலா மாதிரி கறுப்பாப் போகுது. இப்ப ஈரல்ல போற ரத்தக் குழாய்ல கட்டி அடைச்சிருக்குது. அது ஒரு அபூர்வமான ரத்த வியாதியா இருக்கும்னு டாக்டருக்குச் சந்தேகம். ஆமாவா இல்லையான்னு சாயங்காலத்துக்குள்ள என் மெஷின்தான் சொல்லணும். சொன்னா இன்னிக்கே மருந்துக்கு வழி பண்ணுவாங்க.

— அப்ப அந்தப் பிள்ளையின்ர ரத்தம் நல்லா இருக்குத்தானே? ஓட்டுங்கோவன்.

— கன்ட்ரோல் இல்லாம எப்படி ஓட்டறது? இருங்க, சொல்றேன். நம்ம உடம்புல காவலுக்கு ஒரு கூட்டம் சுத்திக்கிட்டே இருக்குது. வெளியில இருந்து எவனாவது வந்தா உடைச்சுப் போடறதுதான் அதுக்கு வேலை. நம்ம சொந்த அணுவை மட்டும் ஏன் விட்டு வெக்குது? ஒவ்வொரு அணுவும் மேல ஒரு அடையாளம் மாட்டியிருக்குதுங்க. இந்த வியாதியில கொஞ்சம் அணு அந்த அடையாளம் இல்லாமலேயே பொறந்து வரும். காவல்காரன் பிடிச்சு...

— விளங்குது, மேடம். ஐடென்டிகாட் இல்லாத ஆக்கள். செக்பொயின்டில மாட்டுப்பட்டா அடிதான்.

— அட! ஆமாங்கண்ணா. எனக்கு இதைப் பசங்களுக்குப் பாடமாச் சொல்ல அரை நாள் ஆகும்.

— எங்களுக்கு இதெல்லாம் படிப்பிக்கத் தேவையில்லை.

— நீங்க சொன்ன அந்த ஐடென்டிகாட் மேல ஒட்டற மாதிரி ஒரு சாயம் போடுவேன். காட் இருந்தா மின்னும், இல்லைன்னா மின்னாது. இந்தப் பொண்ணோட அணு மின்னலைன்னு வைங்க. காட் இல்லாததால மின்னலையா, இல்லை என் சாயமே கெட்டுப் போச்சா? அது தெரியணும்னா, கண்டிப்பா காட் இருக்கற ஒருத்தரோட ரத்தம் பக்கத்துல மின்னிக் காட்டணும். அதைத்தான் நீங்க சர்பத் பண்ணிட்டீங்க.

— நீங்கள் உங்கட கையில எடுக்கலாமே?

— எனக்குத் தலசீமியா மைனர்ங்கண்ணா. வியாதி ஒண்ணும் இல்ல, பிறவியிலேயே சிவப்பணு பொடிசு. அதனால என்னைச் சேத்துக்க மாட்டாங்க. இத்தனை வருஷமா யார் நார்மல்னு பாத்துப் பாத்துச் சொல்றவ நான். ஒரு நாள்கூட நான் நார்மலா இருந்தது இல்ல.

— அப்ப ப்ரீத்திப் பிள்ளை?

— ஜீலாங் ரயில்ல இருக்கா. மத்தவங்களும் போயாச்சு. செவ்வாய்க்கிழமை ரேஸ் லீவு. அன்னிக்குக் குதிரை ஓடறதுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானமே இவங்க ஓடிட்டாங்க. கீழ செக்யூரிட்டிகிட்டக் கேட்டுப் பாத்தேன். ரத்தம்னு வாயைத் தொறந்தேன், லிஃப்ட் கதவு சாத்திக்கிச்சு. இப்ப இந்த மாடியில நானும் நீங்களும்தான்.

— ஓ... அப்ப நான் போட்டு வாறன், மேடம். ஃப்ரீவேயில ட்ராஃபிக் பிடிச்சுப்போடும்.

— நில்லுங்கண்ணா. எங்க போறீங்க? இப்படி உக்காருங்க, சட்டைக் கையை மடிச்சு விடுங்க. ரத்தம் எடுக்கற சர்ட்டிபிகேட் எனக்கு இருக்குது. ஒரு தேக்கரண்டிகூட வராது.

— எனக்கு ஊசி எண்டாப் பயம்.

— தினமும் பெட்டி பெட்டியா ரத்தம் சுமக்கறவருக்கா?

— சுமக்கிறது வேற, மேடம். பாண் விக்கிறவன் எல்லாம் அடுப்புக்குள்ள தலையை விடுறானோ?

— வலிக்காதுங்கண்ணா, சத்தியமா.

— இண்டைக்குக் கந்தசஷ்டி விரதம். விடிய இருந்து வெறும் வயிறு. மயங்கி விழுந்தா என்னை ஆர் தூக்கிறது? உங்களால ஏலாது.

— அந்தப் பொண்ணுக்காக ஒரு தேக்கரண்டி குடுத்தா முருகன் கோச்சுக்குவாரா? என் டிபன் பாக்ஸ்ல வாழைப்பழம் இருக்குது, ஃப்ரிட்ஜ்ல பால் இருக்குது. சாயங்காலம் பால் பழம் சாப்பிடலாம்தானே?

— சாப்பிடலாம். ஆனா வேண்டாம், மேடம். வேற ஆரையும் பிடியுங்கோ. நான் கீழ போய் ரோட்டில போற வாற ஆக்களைக் கேக்கிறன். கெஞ்சியெண்டாலும் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாறன்.

— ரோட்டுல போறவங்க ரத்தம் வேணும், உங்களோடது குடுக்க மாட்டீங்க? மிஸ்டர் வரதராஜா, இது நல்லா இருக்குதா?

— மிஸ்டர் எண்டு சொல்லுறியள். கோவம் வந்திட்டுது.

— வராதா பின்ன? ரெண்டு வருஷமா வாய் நிறைய அண்ணா, அண்ணாங்கறேன். உங்க ஊர்க்காரங்க எல்லாரும் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவளைக்கூட "தங்கச்சி"ன்னு கூப்பிடுவாங்க. காதுக்கு எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுங்களா? நீங்க மட்டும் மேடம். என்னவோ நான் தாசில்தார் ஆபீஸ்ல உக்காந்திருக்கற மாதிரி. போகட்டும், அது உங்க இஷ்டம். ஆனா அந்தப் பொண்ணு அங்க படுத்திருக்கா. நீங்க மூடின லிஃப்ட் கதவு மாதிரி நிக்கறீங்க.

— மேடம், என்ர ரத்தம் நோர்மல் இல்லை.

— என்னங்கண்ணா சொல்றீங்க? இருங்க, கதவைச் சாத்தறேன். உடம்புக்கு ஏதாவதா? சும்மா வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. ஏதா இருந்தாலும் என்கிட்டச் சொல்லுங்க, வெளிய போகாது.

— அப்பிடி ஒண்டும் இல்லை, கதிரையில இருங்கோ. ரத்தம் நல்ல ரத்தம்தான். வருசா வருசம் டொக்டர் பாத்து நல்லா இருக்கெண்டுதான் சொல்லுறவர். ஆனா... அது என்ர இல்லை.

— உங்களோடது இல்லையா?

— இரண்டாயிரத்து மூண்டில எனக்கு ரத்தப் புற்றுநோய். மருந்தால மட்டும் மாறாது, கூடப்பிறந்த ஆக்களின்ர ரத்தம் பொருந்தினா ஏத்தலாம் எண்டவை. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள். கிளிநொச்சியில பாலர் பள்ளிக்கூட ரீச்சர். சமாதான காலம், பாதை திறந்திருந்தது. கொழும்புக்கு வந்து பாத்தா, அச்சாப் பொருத்தம்.

— ஸ்டெம் செல்... ட்ரான்ஸ்பிளான்ட்.

— ஓம், அதுதான். இஞ்ச வந்தவள். ஆடி மாசம், மெல்பேண் குளிர். என்ர ஜம்பர் மூண்டை ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவாள். ஒரு கையால ரத்தம் போய் மெஷினுக்குள்ள சுத்தி மற்றக் கையால வருது. அதைப் பாத்துப்போட்டு என்ன சொன்னவள் தெரியுமோ? "அண்ணை, இனி நீ என்னோட சண்டைக்கு வந்தா உன்ர ரத்தமே என்ர பக்கம்தான் நிக்கும்."

— நல்லா இருக்குதே பேச்சு.

— அப்பிடித்தான் வாய். எனக்கு முந்தி ஓ குரூப். இப்ப பி. அவளின்ர. அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, கடிச்சாப் போதும், உடம்பெல்லாம் தடிக்கும். எனக்கு இறால் எண்டா உயிர். இப்ப எனக்கும் தடிக்குது.

— அதனாலதான் கிறிஸ்மஸ் பார்ட்டியில நான் செஞ்ச எறா வறுவலைத் தொடலையா? நான் வேற, என் சமையல் பிடிக்கலையோன்னு வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன்.

— ஐயோ, இல்லை மேடம். மணம் இழுத்தது. அவள் விடேல்லை.

— இப்ப அவங்க எங்க இருக்காங்கண்ணா?

— எனக்குச் சுகம் வந்ததும் போயிட்டாள். விசா நீட்டலாம், நில்லு எண்டனான். பள்ளிக்கூடம் துவங்குது, பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கும் எண்டாள். பிறகு பாதை பூட்டினாங்கள். பிறகு சண்டை. இரண்டாயிரத்து ஒன்பது மே.

— அண்ணா...

— பக்கத்தில நிண்ட ஆக்கள் வந்து சொல்லித்தான் தெரியும். ஒண்டும் கிடைக்கேல்லை, மேடம். ஒரு சீலைத் துண்டுகூட. செத்த வீடும் செய்யேலாமப் போச்சு. இந்த உலகத்தில அவளின்ரதெண்டு மிச்சம் இருக்கிறது இந்தக் கைக்குள்ள ஓடுறது மட்டும்தான். சேவ் எடுக்கேக்க வெட்டினாலும் எனக்குப் பொறுக்காது. வருசத்துக்கு ஒருக்கா டொக்டருக்குக் கை நீட்டுறதுக்கே ஒரு கிழமை மனசு அந்தரப்படும். குறைஞ்சுகொண்டு போகுதே எண்டு. ஆரின்ர ரத்தமா இருந்தாலும் வெயிலில தனிய கிடந்தா எனக்குப் பாத்துக்கொண்டு நிக்கேலாது. அதுதான் உங்கட டியூபையும் எடுத்து வச்சனான்.

— நான் உங்களை லிஃப்ட் கதவுன்னு சொன்னேன். என் வாய்ல தர்ப்பையைப் போட்டுத்தான் பொசுக்கணும்.

— விடுங்கோ. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— நீங்க குடுக்க வேண்டாம்ங்கண்ணா. நான் ப்ரீத்தியைத் திரும்பி வரச் சொல்றேன். எட்டு மணியானாலும் பரவாயில்ல, டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். கிளம்புங்க. ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. குறையுதுன்னு சொன்னீங்களே, அது தப்பு.

— எப்பிடி?

— உங்க தங்கச்சி அன்னிக்குக் குடுத்த ரத்தம் ஒரு சொட்டுகூட இப்ப உங்க உடம்புல இல்ல.

— என்ன... ஒரு சொட்டும் இல்லையோ?

— மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க, முழுசாக் கேளுங்க. ஒரு சிவப்பணு நாலு மாசம் இருந்தாப் பெரிசு. வெள்ளையணு சிலது ஒரு நாள்தான். அவங்க குடுத்தது ரத்தம் இல்லண்ணா, விதை நெல்லு. அது உங்க எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. அன்னியில இருந்து தினமும் அங்க புதுசா விளையுது. இப்ப உங்க கையில ஓடறதுல பாதி அவங்க இந்த ரெண்டு மாசத்துல பண்ணினது. வெள்ளையணு பாருங்க, இன்னிக்குக் காலைல பண்ணினது.

— இண்டைக்குக் காலமையோ?

— இன்னிக்குக் காலைல. நீங்க தூங்கி எந்திரிக்கறதுக்கு முன்னாடி. ரெண்டாயிரத்து ஒன்பது மே மாசத்துக்கு அப்புறமும் அவங்க ஒரு நாள்கூட லீவு எடுக்கலைங்கண்ணா. நான் ஒரு தேக்கரண்டி எடுத்தா, நீங்க நோபல் பார்க் வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அதைச் சரிக்கட்டற வேலையை ஆரம்பிச்சிருவாங்க.

— என்ர கைலேஞ்சியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன், மேடம்.

— அழுதுருங்க, பரவாயில்ல. இந்தாங்க டிஷ்யூ. அது மெஷின் துடைக்கறது, இருங்க, வேற தர்றேன்.

— அவள் பள்ளிக்கூடத்துக்கும் லீவு எடுக்கிறேல்லை. காய்ச்சலோட போவாள்.

— அப்படித்தான் இருப்பாங்க.

— மேடம்... அவளின்ர ரத்தம் கன்ட்ரோலுக்குச் சரிவருமோ? வேற ஆளின்ர ஏத்தின ரத்தம் எண்டு தள்ளமாட்டியளோ?

— எட்டு வருஷம் ஆச்சு. மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?

— ஒண்டும் இல்லை. அஞ்சு வருசத்துக்கு முந்தியே எல்லாம் நிப்பாட்டினது.

— கவுன்ட் எல்லாம் நார்மல்னு டாக்டரும் சொல்லியிருக்காரு. அப்புறம் என்ன? நான் பாக்கப்போறது அந்தக் காட் இருக்குதா இல்லையான்னு மட்டும்தான். என்னைவிட அவங்க நூறு மடங்கு நார்மல். ஆனா முழு மனசோடயா சொல்றீங்க? நான் திட்டினதுக்காக வேண்டாம்.

— திட்டினதுக்கில்லை. அவள் இஞ்ச நிண்டிருந்தா இவ்வளவு நேரமும் யோசிச்சிருக்க மாட்டாள். "அண்ணை, அரக்கு அங்கால" எண்டு என்னைத் தள்ளிப்போட்டுக் கையை நீட்டியிருப்பாள். பிடியுங்கோ. இடக்கையில எடுங்கோ.

— இறுக்கி மூடுங்க. அங்க பாருங்க, ஜன்னல் பக்கம். ஒரு ட்ரெய்ன் போகுது.

— துவங்குங்கோ, மேடம்.

— முடிஞ்சுதுங்கண்ணா.

— முடிஞ்சுதோ? குத்தவே இல்லையே!

— கோயமுத்தூர்க்காரி கை. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க. வாழைப்பழம் இந்தாங்க. சாயம் போட்டு, கழுவி, மெஷின்ல ஓட்ட ஒரு மணி நேரம் ஆகும். நீங்க வீட்டுக்குப் போங்க, நான் நாளைக்கு போன்ல சொல்றேன்.

— நிக்கிறன். அவளைத் தனிய விட்டிட்டுப் போறதே? ...அதை ஐஸில வச்சுப்போடாதேங்கோ, என்ன?

— அண்ணா! அதை நீங்க எனக்குச் சொல்றீங்களா?

— சும்மா பகிடிக்கு.

— வாங்கண்ணா, எந்திரிங்க. ஒரு மணி நேரமா சேர்லயே தூங்கிட்டீங்க. இங்க வந்து ஸ்கிரீனைப் பாருங்க. முதல்ல இது. வலது பக்கமா ஒரே குமியலா நிக்குதே, ஒவ்வொரு புள்ளியும் ஒரு அணு. உங்க கையில இருந்து எடுத்தது. எல்லாம் மின்னுது. காட் இல்லாதது ஒண்ணுகூட இல்ல.

— எல்லாரிட்டயும் இருக்கோ?

— எல்லார்கிட்டயும்.

— ஓம். அவள் ஐடென்டிகாட் இல்லாமல் ஒரு நாளும் வெளியில போகமாட்டாள். பொலித்தீன் பையில போட்டு நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டுதான் போறவள்.

— இப்ப இது அந்தப் பொண்ணோடது. பாதி வலது பக்கம் நிக்குது. மீதியைப் பாருங்க, இடது பக்கம் தனியா ஒரு கூட்டம், மின்னவே இல்ல. உங்க தங்கச்சி பக்கத்துல நிக்கறதாலதான் நான் இதை நம்பறேன். என் சாயம் கெடலை. டாக்டர் சந்தேகப்பட்ட வியாதியேதான்.

— ஐயோ, பாவம் பிள்ளை.

— பாவம்தான். ஆனா இதுக்கு இப்ப மருந்து இருக்குதுங்கண்ணா. காவல்காரன் கையைப் பிடிச்சு நிறுத்தற மருந்து. எந்த வியாதின்னு தெரியாமக் கெடக்கறதுதான் மோசம். டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். மகராசின்னாரு என்னைய, இங்கிலீஷ்ல.

— கெட்டிக்காரி. அப்ப நான் வெளிக்கிடட்டோ? கொம்பனி ஏசும், வீட்டில மனுசியும் ஏசுவா.

— ஒரே நிமிஷம். இதை ஸேவ் பண்ணணும். கன்ட்ரோல் குடுத்தவங்க பேரோட முதல் எழுத்தை இந்தக் கட்டத்துல போடறது வழக்கம். "வ"ன்னு போட்டுக்கட்டுங்களாண்ணா?

— "வ" வேண்டாம். யோகா எண்டு முழுப் பேரையும் போடுங்கோ, தங்கச்சி.